ஆஸ்திரேலிய மாட்டு ஸ்டேஷனில் தன்னார்வலராக இருக்கலாமா?

கேள்வி இது: "நானும் என் மனைவியும் கார் எடுத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவின் அவுட்பேக் என்ற ஆளரவமற்ற உட்பகுதியைச் சில மாதங்கள் சுற்றப் போகிறோம். வழியில் ஏதாவது ஒரு மாட்டு ஸ்டேஷனில், அதாவது பெரிய மாட்டுப் பண்ணையில், சாப்பாடும் தங்க இடமும் மட்டும் வாங்கிக்கொண்டு சில வாரம் உதவி செய்ய ஆசை. முடியுமா? என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?"

முடியும். ஆனால் எந்த வேலையைச் சும்மா செய்வது, எதற்குக் கூலி கேட்பது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மாடு மேய்க்கவும், பட்டியில் நிற்கவும், போர்வெல் தண்ணீர் பார்க்கவும் கூப்பிட்டால் கூலி கேளுங்கள். வெள்ளமோ தீயோ வந்து போன இடத்தில் வேலி கட்டக் கூப்பிட்டால், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரக் கூப்பிட்டால், மனதாரக் கொடுங்கள். நான் பிரிஸ்பேனில் இருபது வருஷமாக இருக்கிறேன். பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மேற்கு குயின்ஸ்லாந்துக்கு மூன்று முறை இப்படிப் போயிருக்கிறேன். ஒருமுறை வேலி கட்ட, இரண்டு முறை பாடம் சொல்லித்தர. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் ஸ்டேஷன் என்பது என்ன என்று மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பண்ணையைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது கிடைக்காது. தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆனா கிரீக் ஸ்டேஷன் 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், தமிழ்நாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும். எல்லாமே அவ்வளவு பெரிது இல்லை, ஆனால் நான் போன சின்ன ஸ்டேஷனிலேயே சாலையோரக் கேட்டிலிருந்து வீட்டுக்கு 35 கிலோமீட்டர் மண் பாதை. நிலம் பெரும்பாலும் அரசுக் குத்தகை. நடுவில் ஒரு குடியிருப்பு: வீடு, வேலையாட்களுக்கான தகரப் பெட்டி அறைகள், கொட்டகை, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, எதிரே விமானம் இறங்க ஒரு மண் ஓடுபாதை. அதில் இருப்பது ஒரு குடும்பமும் ஐந்தாறு ஆட்களும்தான். அவ்வளவு பெரிய இடத்தில் நீங்கள் இரண்டு பேர் வந்து சேர்வது அவர்களுக்குப் பெரிய விஷயம். உதவியாகவும் இருக்கலாம், சுமையாகவும் ஆகலாம்.

வடக்கே போனால் நம்மவர்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. மாட்டைப் பார்த்தவுடன் நம் ஊர் மாடு போல் இருக்கும். முதுகில் திமில், கழுத்தில் தொங்கும் அலைதாடி, நீண்ட காது. பிராமன் என்று பெயர். ஓங்கோல், கீர், காங்ரேஜ் போன்ற இந்திய மாடுகளைக் கொண்டுபோய் அமெரிக்காவில் உருவாக்கிய இனம். அங்கிருந்து 1933-ல் குயின்ஸ்லாந்துக்கு வந்தது. ஐரோப்பிய மாடுகள் உண்ணிக்கும் வெயிலுக்கும் திணறிய இடத்தில் இது தாங்கி நின்றது. இன்று வட ஆஸ்திரேலிய மந்தைகளில் பெரும்பாலும் இதன் ரத்தம்தான் ஓடுகிறது. பொங்கலன்று மாட்டுக்குக் கொம்பில் சாயம் பூசி வளர்ந்த எனக்கு, ஆயிரம் மைல் பாலைவனத்துக்கு நடுவில் அந்தத் திமிலைப் பார்த்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது.

சரி, சட்டத்துக்கு வருவோம். சுற்றுலா விசாவில் வருபவர் வேலை செய்யக் கூடாது. இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்வது 'வேலை' என்ற சொல்லை. பணம் வாங்கினால்தான் வேலை என்று நினைக்கிறார்கள். அரசு வைத்திருக்கும் பொருள் வேறு: ஆஸ்திரேலியாவில் வழக்கமாகக் கூலி கொடுத்துச் செய்விக்கும் எதுவும் வேலைதான். அதைச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் செய்தாலும் வேலைதான். மாட்டு ஸ்டேஷன் லாபத்துக்கு நடக்கும் தொழில். அங்கே மந்தையை ஓட்டுகிறவருக்கு என்று அரசு நிர்ணயித்த கூலி விகிதம் இருக்கிறது. 2025 ஜூலையில் நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலராக இருந்தது. அந்த வேலையை உங்களைச் சும்மா செய்யச் சொன்னால் உங்கள் விசாவுக்கும் ஆபத்து, அந்தக் கூலியை நம்பியிருக்கும் உள்ளூர் ஆளின் பிழைப்புக்கும் கேடு.

கூலி வாங்கி வேலை செய்யும் வழியும் இப்போது நமக்குத் திறந்திருக்கிறது. 462 என்ற எண்ணுள்ள 'வேலையும் விடுமுறையும்' விசா 2024-லிருந்து இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் உண்டு. வயது 18 முதல் 30 வரை. வருஷத்துக்கு ஆயிரம் இடம், குலுக்கல் முறையில் தேர்வு. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கும் இதே விசா உண்டு. இலங்கைக்கு இன்னும் இல்லை. இந்த விசாவில் வந்தவர்கள் இரண்டாம் வருஷமும் இருக்க விரும்பினால், குறிப்பிட்ட பகுதிகளில் குறிப்பிட்ட தொழில்களில் மூன்று மாதம் வேலை செய்திருக்க வேண்டும். மாடு வளர்ப்பும் அதில் அடங்கும். சம்பளமில்லா வேலை அந்தக் கணக்கில் சேராது. இதற்கு அரசு ஒரு விலக்கு வைத்திருக்கிறது, அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காட்டுத்தீ, வெள்ளம், புயல் அடித்ததாக அறிவிக்கப்பட்ட பகுதிகளில் செய்யும் மீட்பு வேலை, சம்பளமில்லாமல் செய்தாலும் கணக்கில் சேரும். எது தொண்டு, எது கூலி வேலை என்று நான் மேலே சொன்ன பிரிவினையைச் சட்டமே ஏற்றுக்கொண்டது போல இருக்கிறது.

நான் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. இந்த ஸ்டேஷன்களில் சும்மா வேலை வாங்குவதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. வடக்கு ஸ்டேஷன்களைத் தூக்கி நிறுத்தியவர்கள் அந்த மண்ணின் பழங்குடி மக்கள். ஆண்கள் குதிரையேறி மந்தை ஓட்டினார்கள், பெண்கள் வீட்டிலும் சமையற்கட்டிலும் உழைத்தார்கள். பல இடங்களில் அவர்களுக்குக் கிடைத்தது மாவு, சர்க்கரை, தேயிலை, உப்பிட்ட இறைச்சி, அதற்குமேல் கொஞ்சம் சில்லறை. வெள்ளைக்காரத் தொழிலாளி வாங்கிய கூலி அவர்களுக்கு இல்லை. 1966 ஆகஸ்ட் 23 அன்று வடக்குப் பிரதேசத்தின் வேவ் ஹில் ஸ்டேஷனிலிருந்து குரிஞ்சி மக்கள் சுமார் இருநூறு பேர் வின்சென்ட் லிங்கியாரி என்பவரின் தலைமையில் வெளியே நடந்தார்கள். கூலி கேட்டுத் தொடங்கியது, எங்கள் நிலத்தைத் திருப்பிக் கொடு என்று நின்றது. ஒன்பது வருஷம் அசையவில்லை. 1975-ல் பிரதமர் காஃப் விட்லம் அங்கே வந்து ஒரு பிடி மண்ணை லிங்கியாரியின் உள்ளங்கையில் போட்டு நிலத்தை ஒப்படைத்தார். அந்தப் புகைப்படம் இந்த நாட்டில் பள்ளிக்கூடச் சுவர்களில் தொங்குகிறது. 'சாப்பாடு போடுகிறோம், தங்க இடம் தருகிறோம், வந்து மாடு ஓட்டு' என்று விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

என் அண்ணன் மகள் அப்படி ஒரு விளம்பரத்தை நம்பித்தான் போனாள். நாளைக்கு ஐந்து மணி நேரம் தோட்ட வேலை என்று சொன்னார்கள். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளிலிருந்து விடியற்காலை நான்கரைக்கு எழுந்து பத்துப் பேருக்குச் சமையல், பாத்திரம், பிறகு தாயில்லாக் கன்றுகளுக்குப் பால், இருட்டும்வரை ஓய்வில்லை. திரும்பி வர வண்டி இல்லை, போன் சிக்னல் இல்லை. பதினேழாம் நாள் தபால் விமானத்தில் ஏறி வந்தாள். அந்தக் குடும்பம் கெட்டவர்கள் என்று அவளே சொல்லவில்லை. அவர்களும் ஆள் கிடைக்காமல் நசுங்கிக் கிடந்தார்கள். ஆனால் அவள் செய்தது ஒரு சமையல்காரரின் வேலை, அதற்குச் சம்பளம் உண்டு. எனவே போகும் முன் எழுத்தில் வாங்குங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், வாரத்தில் எத்தனை நாள், என்ன வேலை, பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப என்ன வழி. சொந்த வண்டி இருந்தால் பாதி பயம் போய்விடும். உங்களிடம் கார் இருப்பது அந்த வகையில் பெரிய பலம்.

இனி, எங்கே கொடுக்கலாம் என்று சொல்கிறேன். 2009-ல் விக்டோரியாவில் பெருந்தீ வந்தபோது, வேலி எரிந்துபோன ஒரு விவசாயத் தம்பதி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வேலி கட்டியதில் தொடங்கியது பிளேஸ்எய்ட் என்ற தொண்டு அமைப்பு. தீயோ வெள்ளமோ வந்த பகுதியில் ஒரு சிற்றூரின் பொருட்காட்சித் திடலிலோ விளையாட்டு மைதானத்திலோ முகாம் போடுவார்கள். கேரவனோ கூடாரமோ கொண்டுபோய் அங்கே தங்கலாம். சாப்பாடு முகாமில். காலையில் குழு குழுவாகப் பிரிந்து ஒவ்வொரு பண்ணைக்கும் போய் வேலி கட்டிவிட்டு மாலையில் திரும்புவோம். யாரும் யாருடைய வீட்டிலும் மாட்டிக்கொள்வதில்லை. நாடு சுற்ற வரும் வெளிநாட்டு இளைஞர்களும் வருகிறார்கள்.

2019 பிப்ரவரியில் வடமேற்கு குயின்ஸ்லாந்தில் வந்த வெள்ளத்தைக் கேள்விப்பட்டிருக்கலாம். பல வருஷ வறட்சியில் எலும்பும் தோலுமாக இருந்த மாடுகள். மழை வந்ததும் எல்லோரும் கொண்டாடினார்கள். மழை நிற்கவில்லை, கூடவே குளிர்காற்று. சுமார் 5 லட்சம் மாடுகள் செத்திருக்கும் என்று அப்போது மதிப்பிட்டார்கள். நான் போனது அதற்குச் சில மாதம் கழித்து. புல் பச்சையாக வளர்ந்திருந்தது, அதற்கு நடுவில் வேலியோரமாக எலும்புகள். தண்ணீர் போன திசையில் ஓடிய மாடுகள் வேலியில் முட்டி நின்றுவிட்டிருக்கின்றன.

வேலி வேலை எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வெள்ளம் அடித்துவந்த புல்லும் சுள்ளியும் கம்பிகளில் பாய் போலப் பின்னிக்கொண்டு வேலியை அப்படியே படுக்க வைத்திருக்கும். அதைக் கையால் பிய்த்து எடுப்பதுதான் முதல் வேலை, சலிப்பான வேலையும் அதுதான். பிறகு முள்கம்பியை அறுத்துச் சுருட்டுவது. சுருட்டும்போது துள்ளி முகத்தில் அடிக்கும், கண்ணாடி இல்லாமல் நிற்காதீர்கள். இரும்புக் குச்சிகளைப் பிடுங்கி நிமிர்த்தி மறுபடி அடிக்க வேண்டும். கடைசியில்தான் புதுக் கம்பி இழுத்து முறுக்குவது. நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு நாளில் சில நூறு மீட்டர் முடியும். பண்ணைக்காரர் முதல் நாள் எங்களோடு பேசவே இல்லை. மூன்றாம் நாள் தேநீர் நேரத்தில் வந்து மண்ணில் உட்கார்ந்தார். மாடுகளைத் தானே சுட்டு முடிக்க வேண்டியிருந்ததை ஒருமுறை சொன்னார், பிறகு கம்பியைப் பற்றியே பேசினார். வேலியை அவரே மெல்ல மெல்லக் கட்டியிருப்பார். வேறு மனிதர்கள் வந்து பக்கத்தில் நின்றதுதான் அவருக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழி பாடம் சொல்லித்தருவது. ஸ்டேஷன் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பள்ளி கிடையாது. 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வானொலி வழியே தொடங்கிய 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' முறை இன்று செயற்கைக்கோள் இணையம் வழியே நடக்கிறது. ஆசிரியர் திரையில் கொஞ்ச நேரம்தான் வருவார். மீதி நேரம் பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் அம்மா. அவரே கணக்கு எழுத வேண்டும், ஆட்களுக்குச் சமைக்க வேண்டும், மந்தை சேர்க்கும் நாளில் வண்டி ஓட்டவும் வேண்டும். அந்த அம்மாக்களுக்கு உதவ 'வைஸ்' என்ற தொண்டு அமைப்பு தன்னார்வலர்களை அனுப்புகிறது. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆறு வாரம் குடும்பத்தோடு தங்க வேண்டும். குழந்தைகளோடு பழகுவதற்கான அரசுச் சரிபார்ப்பு கட்டாயம். சில மாதம் மட்டும் வரும் உங்களுக்கு இது ஒத்துவராது. ஆனால் இங்கே குடியிருக்கும் நம் ஆசிரியர்கள், ஓய்வுபெற்றவர்கள் இதைப் படித்தால் தயவுசெய்து யோசியுங்கள். நான் பாடம் சொன்ன ஒன்பது வயதுப் பையனுக்குப் பின்னக் கணக்கு வரவே இல்லை. ஒருநாள் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, 'நாலில் மூணு இருக்கு, வியாழன் வரைக்கும் தாங்கும்' என்று அவன் அப்பாவிடம் கத்தினான். மறுநாள் கணக்குப் புத்தகத்தில் வட்டம் வரைவதை விட்டுவிட்டுத் தொட்டி வரைந்தோம். அந்த வாரமே பிடித்துக்கொண்டான்.

ஊஃப் என்ற அமைப்பு 1971-ல் இங்கிலாந்தில் தொடங்கி இங்கேயும் நன்றாக வேரூன்றியது. தினம் சில மணி நேர உதவிக்குச் சாப்பாடும் இடமும். அது கடலோரச் சிறிய இயற்கைப் பண்ணைகளுக்குப் பொருந்தும். பெரிய மாட்டு ஸ்டேஷனுக்கு அந்தச் சட்டை சேராது.

காலம் பார்த்துப் போங்கள். வடக்கே நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை மழைக்காலம். பாதை வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும், வெயிலும் புழுக்கமும் ஆளைக் கொல்லும். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். பகலில் இதமாக இருந்தாலும் பாலைவனப் பக்கம் இரவில் நடுங்கும். மந்தை சேர்ப்பதும் இந்த மாதங்களில்தான். ஹெலிகாப்டர் மேலே, மோட்டார் சைக்கிளும் குதிரையும் கீழே. அதைத் தூரத்தில் நின்று பார்த்தாலே போதும், உள்ளே இறங்காதீர்கள். பட்டிக்குள் கன்றைப் பிடித்துச் சூடு போடுவது, காது முத்திரை குத்துவது, காயடிப்பது, கொம்பு எடுப்பது எல்லாம் நடக்கும். பார்க்கக் கடினமாக இருக்கும், முன்பே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஆபத்து விஷயத்தில் நான் சொல்வதை அப்படியே கேளுங்கள். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது. வானிலிருந்து தேடுபவர்களுக்கு வண்டி தெரியும், மனிதன் தெரியமாட்டான். ஆளுக்கு நாளொன்றுக்கு பத்து லிட்டர் கணக்கில் பல நாளுக்குத் தண்ணீர் வையுங்கள். செயற்கைக்கோள் வழி அபாய அழைப்புக் கருவி ஒன்று கட்டாயம், மொபைலை நம்பாதீர்கள். கிளம்பும் நேரத்தையும் பாதையையும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். யாராவது உங்களைத் தொலைவில் ஒரு தனி இடத்தில் காவலுக்கு விட்டால் மறுத்துவிடுங்கள். 1986-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் 16, 17 வயதுப் பையன்கள் இருவர், வேலைக்குச் சேர்ந்து சில மாதம்கூட ஆகாத நிலையில், ஆளுக்கொரு ஒதுக்குப்புற இடத்தில் தனியாக விடப்பட்டார்கள். வண்டியெடுத்துக் கிளம்பியவர்கள் பாலைவன மணலில் சிக்கி மாண்டார்கள். உடல் கிடைத்தது 1987-ல். நாலு சக்கர மோட்டார் சைக்கிளில் ஏறவே ஏறாதீர்கள். இந்த நாட்டுப் பண்ணைகளில் மிக அதிக உயிர் வாங்கும் வண்டிகளில் அதுவும் ஒன்று. 2021 அக்டோபரிலிருந்து புது வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கும் பாதுகாப்புச் சட்டகம் பொருத்துவது கட்டாயம், ஆனால் ஸ்டேஷனில் கிடப்பவை பழைய வண்டிகள்.

அப்புறம் கியூ காய்ச்சல். மாடு கன்று போடும்போது விழும் நஞ்சுக்கொடி, சாணம், மூத்திரம் எல்லாம் காய்ந்து தூசியாகி மூச்சில் ஏறி வரும் நோய். 1930-களில் பிரிஸ்பேனில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்களிடம்தான் முதலில் கண்டறிந்தார்கள். மாதக்கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும். தடுப்பூசி உண்டு, ஆனால் அதற்கு முன் ரத்தப் பரிசோதனையும் தோல் பரிசோதனையும் செய்து ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். ஆகவே நகரத்தில் இருக்கும்போதே முடித்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு முடியாமல் போனால் பதற வேண்டாம். 1928-ல் குளோன்கரியில் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையின் மருந்துப் பெட்டி பல ஸ்டேஷன்களில் இருக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு எண். போனில் மருத்துவர் எண்ணைச் சொல்வார், எடுத்துக் கொடுப்பார்கள். அவசரம் என்றால் விமானமே வரும்.

பழக்கவழக்கம் ஒன்றிரண்டு. கேட் திறந்திருந்தால் திறந்தே விடுங்கள், மூடியிருந்தால் மூடுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தவறாக மூடிய ஒரு கேட் போதும், மந்தை தண்ணீருக்குப் போக முடியாமல் செத்துவிடும். குளிக்கும்போது குழாயைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடக் கூடாது. வேலை நாய்களைக் கொஞ்சும் முன் கேளுங்கள். சாப்பாடு மூன்று வேளையும் மாட்டிறைச்சிதான், அவர்களே வளர்த்து அவர்களே அறுத்தது. சைவம் என்றால் வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், வந்து இறங்கியபின் சொன்னால் அந்த அம்மா கையைப் பிசைவார். அரிசி, பருப்பு, புளி, மிளகாய்த்தூள் எடுத்துப் போங்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பாரும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தேன். அடுத்த ஞாயிறும் கேட்டார்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். கடைசி ஊரைத் தாண்டும் முன் ஸ்டேஷனுக்குப் போன் செய்து, என்ன வாங்கிக்கொண்டு வரட்டும் என்று கேளுங்கள். மாநில எல்லை தாண்டினால் பழம், காய்கறி கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஒரு கீரைக்கட்டு கிடைக்குமா, பார்த்து ஒரு மாதம் ஆகிறது என்றார்.